மடுல்சீமையில் உதிர்ந்த இலை

பதுளை மாவட்டம் தேயிலையின் நாடு என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நமுனுகுலை மலைச் சாரலிலும், அப்புத்தளையின் மேட்டிலும், பசறை, லுணுகலை, மடுல்சீமை வழியெங்கும் கொழுந்து பறிக்கும் கைகளையே நாம் காண்கிறோம். ஆயினும் அந்த மலைகளில் முதன்முதலாகப் பெருங்காடு வெட்டித் தீயிட்டுத் தோட்டம் போட்டது தேயிலைக்காக அன்று, கோப்பிக்காகவே. நம் முன்னோருட் பலர் கடல் கடந்து வந்தது கோப்பிக் கன்று நடவும் பழம் பறிக்கவுமே. இன்று அம்மலைகளில் கோப்பியைத் தேடுவோர் வீட்டுக் கொல்லைகளிலும் வேலியோரங்களிலும் தான் அதைக் காணலாம். ஒரு பெரும் பயிர் வந்தது, வாழ்ந்தது, மடிந்தது. அதன் வரலாற்றில் எது எழுதப்பட்டது, எது எழுதப்படவில்லை என்பதை இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

தமிழகத்தார் ‘காப்பி’ என்பர். நாம் ‘கோப்பி’ என்கிறோம். நம் சொல்லில் ஒல்லாந்தர் வாய்மொழியின் சாயல் இருக்கிறது. வெள்ளையர் பெருந்தோட்டம் போடுமுன்னரே இச்செடி இலங்கையில் இருந்தது. கிராமத்தார் அதன் இலையைக் கறிக்கும் பூவை விகாரைப் பூசைக்கும் பயன்படுத்தினார்களேயன்றி, கொட்டையை வறுத்துக் குடிக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் தோட்டமுறையில் கோப்பி பயிரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் அது கண்டி மலைகளைக் கடந்து ஊவாவுக்கும் பரவிற்று.

ஊவா அப்போது ஆறாப் புண்ணோடு கிடந்த மண். 1818 ஆம் ஆண்டு ஊவா – வெல்லச எழுச்சி அடக்கப்பட்டபோது அங்கே வயல்களும் குளங்களும் வீடுகளும் அழிக்கப்பட்டன. பின்னர் 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காடும் சேனையும் அரசின் சொத்தாகக் கொள்ளப்பட்டுத் துரைமார் கைக்கு மாறின. பத்திரம் இல்லாதவன் பாத்தியதை இல்லாதவன் என்னும் நியாயம் முதலில் ஊவாவின் சிங்களக் குடியானவர் மீது பாய்ந்தது. அதே நியாயம் நூறாண்டு கழித்து வேறொரு கூட்டத்தார் மீது பாய்ந்த கதையைப் பின்னே காண்போம்.

காடு கைக்கு வந்தது. வெட்ட ஆள் வேண்டும். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறினர். ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்குமேலும் மலைமேல் மலையாகக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. வழியில் நீரில்லை, நிழலில்லை, காய்ச்சலும் வாந்திபேதியும் இருந்தன. வீழ்ந்தவர்களை வழியோரத்திலே விட்டு ஏனையோர் நடந்தனர். கோப்பிக்கு ஆள் தேவை பெரிதும் பழம் பறிக்கும் காலத்தில் தான். ஆகையால் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். அடுத்த பருவத்தில் மறுபடியும் நடந்து வந்தனர். தாய்நாட்டில் இப்பயணத்துக்குக் ‘கண்டிச் சீமைக்குப் போதல்’ என்று பெயர்.

இனி 1869 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மடுல்சீமைப் பகுதியிலுள்ள கலூலா தோட்டத்தில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். விரலால் தேய்த்தால் மஞ்சள் போல ஒட்டிற்று. சில வாரங்களில் இலை உதிர்ந்து செடி மொட்டையாயிற்று. இலையைப் பேராதனைத் தாவரப் பூங்காவின் அதிபர் துவெயிட்ஸ் என்பவருக்கு அனுப்பினார்கள். அவர் இங்கிலாந்திலிருந்த பூஞ்சண அறிஞர் பெர்க்லி பாதிரியாருக்கு அனுப்பினார். அவ்வாண்டு முடியுமுன்னரே, இதுவரை எவரும் அறியாத பூஞ்சணம் இது என்று அவர் கண்டு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். முதற்சொல் பாதி வழவழப்பான அதன் விதைத்துகளைக் குறிக்கும்; இரண்டாம் சொல்லுக்குப் பாழாக்குவது என்று பொருள். துரைமார் அதன் பெயரைத் திரித்துப் ‘பாழாக்கும் எமிலி’ என்று கேலி பேசினர்.

அக்கேலி நெடுநாள் நிலைக்கவில்லை. 1870 ஆம் ஆண்டளவில் இலங்கை ஏற்றுமதி செய்த கோப்பி 10 இலட்சம் அந்தருக்கு மேல். நோய் பரவப் பரவ விளைச்சல் குறைந்தது. ஆனால் உலகச் சந்தையில் விலை ஏறியதால் வருமானம் குறையவில்லை. விலையேற்றத்தில் மயங்கி மேலும் மேலும் காடழித்து நட்டார்கள். 1878 ஆம் ஆண்டில் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராயிற்று. நோய்க்கு இதைவிட விரிந்த பந்தி எங்கே கிடைக்கும்? 1880 ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் இலங்கைக்கு வந்து இரண்டாண்டு ஆராய்ந்தார். பூஞ்சணத்தின் நுண்துகள் காற்றில் பறந்து, இலைமீதுள்ள நீர்த்துளியில் முளைத்து, இலைக்குள் நுழைகிறது என்பதை நிறுவினார். இடைவெளியே இல்லாமல் மலைக்குமேல் மலையாக ஒரே பயிரை நட்டது நோய்க்கு வழி சமைத்தது என்பதையும் எடுத்துக் காட்டினார். அறிவு வந்தது, மருந்து வரவில்லை. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தும் பயனில்லை. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்கு ஏலம் போயின.

இவ்விடத்தில் ஒரு தவறான வழக்கைத் திருத்துவது நன்று. இலங்கையிற் கோப்பி அழிந்ததாலேயே ஆங்கிலேயர் தேநீர் குடிக்கத் தொடங்கினர் என்று பலரும் எழுதுகின்றனர். அது பொருந்தாது. அதற்கு நூறாண்டு முன்பே சீனத் தேயிலை அவர்கள் வீடுகளில் ஊறிவிட்டது. மாறியது அவர்கள் நாக்கு அன்று. நம் மலைகளே மாறின. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, 1900 ஆம் ஆண்டளவில் 3 இலட்சம் ஏக்கரைக் கடந்தது.

பயிர் மாறியபோது மனிதர் வாழ்வும் மாறிற்று. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் பறிப்பு உண்டு. ஆடவர் பருவத்துக்கு வந்து போன காலம் மாறி, பெண்களும் பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கும் காலம் வந்தது. வந்தவர் வாழ்பவர் ஆயினர். கோப்பிக்காகத் துரைமார் நெடுங்காலம் கேட்டு நின்ற இருப்புப் பாதை, 1885 இல் நானுஓயாவையும் 1893 இல் அப்புத்தளையையும் 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தது; அப்போது ஏற்றிச் செல்லக் கோப்பி இல்லை, தேயிலையே இருந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924 இல். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண இன்று உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகள் வருகின்றனர்.

கோப்பி போயினும் அதன் காலத்துச் சட்டகம் போகவில்லை. கங்காணி, கணக்கப்பிள்ளை, லயம், பிரட்டு எனத் தோட்ட வாழ்வின் அமைப்பு முழுவதும் கோப்பித் தோட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு அப்படியே கைமாறிற்று. தேயிலைத் தொழிற்சாலையை மலையக மக்கள் இன்றும் ‘ஸ்டோர்’ என்றே வழங்குகின்றனர். கோப்பியைக் காயவைத்துச் சேர்த்து வைத்த கட்டடத்தின் பெயர் அது எனக் கருத இடமுண்டு. சாவு வீட்டில் இரவு விழித்திருப்போருக்குக் கோப்பி வைப்பதும், சளி பிடித்த பிள்ளைக்குச் சுக்குக் கோப்பி காய்ச்சுவதும் நம் வீட்டு வழக்கங்கள். பயிர் மடிந்த பின்பும் பழக்கம் மடியவில்லை.

ஒப்பு நோக்கற்கு ஒன்று சொல்லலாம். அதே பூஞ்சணம் சில ஆண்டுகளில் தென்னிந்தியாவின் குடகு, மைசூர், வயநாட்டு மலைகளையும் தாக்கிற்று. அங்கும் இழப்புப் பெரிது. ஆனால் குடகில் பெருமரங்களின் நிழலிற் கோப்பி வளர்க்கும் முறை வேரூன்றியது, பின்னர் நோயைத் தாங்கும் இனங்களைத் தேர்ந்தெடுத்தனர், கோப்பி நிலைத்தது. இன்று குடகு என்றாலே கோப்பி என்று உலகம் சொல்கிறது. ஊவாவிலோ வெட்டவெளியில் நட்ட செடியோடு அதை நட்டவர் நினைவும் சேர்ந்து உதிர்ந்து போயிற்று.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மடுல்சீமையில் நோய் கண்ட ஆண்டு நமக்குத் தெரியும். தோட்டத்தின் பெயர் தெரியும். இலையை அனுப்பிய அதிகாரியின் பெயர் தெரியும். பூஞ்சணத்துக்குக்கூட இலத்தீனில் ஒரு பெயர் உண்டு. அந்தக் கோப்பி நிரையில் நாள்தோறும் நின்று, இலையின் நிறம் மாறியதை எவருக்கும் முன்னர்க் கண்டிருக்கக்கூடிய தொழிலாளியின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அதே 1869 ஆம் ஆண்டில் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்னும் நூல் அச்சேறியது ஒரு வியப்பான ஒற்றுமை. தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய அந்நூல், மலையகத் தமிழிலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. கோப்பிச் செய்கையின் சிறப்பைக் கும்மி மெட்டில் சொல்லும் நூல் அது. உத்தியோகத்தர் கண்கொண்டு தோட்டத்தைப் பார்ப்பது. தொழிலாளர் தம் துயரை ஏட்டில் எழுதவில்லை; வாயாற் பாடினர். உடன்பிறந்தானை மலைக்குப் பறிகொடுத்தவர்களின் புலம்பல், நாட்டார் பாடலாகப் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டது. அப்பாடல்களிலும் துயரம் இருக்கிறது. இறந்தவன் பெயர் இல்லை.

பதுளை நகரிலே புனித மாற்கு தேவாலயம் உள்ளது. 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் நினைவாக எழுந்தது அது. அவர் ஊவாவில் தெருக்கள் அமைத்த அரசாங்க அதிகாரி. 1,400 யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று அக்காலத்தார் எழுதி வைத்தனர். அவருக்கு ஒரு கோயிலும் கல்வெட்டும் உண்டு. யானைகளுக்குக்கூட ஓர் எண்ணிக்கை உண்டு. வெட்டிய காட்டிலும், நடந்த பாதையிலும், அறைந்த கல்லிலும் உயிர் விட்ட நம்மவருக்கு, பெயர் பொறித்த கல் அரிது. அவர் கல்லைப் பெயர்க்க வேண்டும் என்பது என் கருத்தன்று. எழுதப்பட்டது நிலைக்கும், எழுதப்படாதது நிலையாது என்பதை அக்கல் நமக்குக் கற்பிக்கிறது.

பெயர் எழுதாமையால் விளைந்தது மனக்குறை மட்டுமே என்று எவரும் எண்ணற்க. 1948 ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனும் தன் தந்தை இங்கே பிறந்ததை, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிறுவவேண்டும் என்றது. கோப்பிக் காலந்தொட்டு ஊவாவில் வாழ்ந்த குடும்பங்களும் இதனால் திகைத்தன. பாட்டன் இம்மண்ணிற் புதைந்திருந்தான். பத்திரம் எங்கே இருந்தது? ஊவாக் குடியானவன் காட்ட இயலாத காணிப் பத்திரம் போலவே, தோட்டத் தொழிலாளி காட்ட இயலாத பிறப்புப் பத்திரமும் ஆயிற்று. பல இலட்சம் பேர் நாடற்றோர் ஆயினர்.

1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணாற் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர் என்றது. 1974 இல் அந்த எஞ்சியோரையும் பாதி பாதியாகப் பிரித்தனர். இந்தியாவுக்குப் போனவர்களிற் சிலர் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிலே மறுபடியும் கூடை சுமந்தனர். இங்கே எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. பெயர் எழுதி வைக்காத குடும்பம் பெயரற்ற எண்ணாகிவிடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

இன்னும் அண்மையிலே, 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற வினாவுக்கு முதற்சில நாள்களில் வந்த விடைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிற்று. மலைச்சரிவு எவருக்கும் நேரலாம். ஆனால் ஒரு லயத்தில் இருந்தவர் யார் யார் என்பதே உடனே சொல்ல முடியாத நிலை, நெடுங்காலப் பழக்கம் ஒன்றின் விளைவு. மலைநாட்டில் செடியை எண்ணினார்கள், கொழுந்தை நிறுத்தார்கள், மனிதரைத் தலைக்கணக்காக மட்டுமே வைத்தார்கள்.

2023 ஆம் ஆண்டில், மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கூடி நடந்தனர். முன்னோர் நடந்த வழியைப் பின்னோர் காலால் நினைவுகூர்ந்த நற்செயல் அது. ஆயினும் நடைப்பயணம் முடிந்ததும் நினைவு கலைந்துவிடலாகாது. அதைத் தொடரும் இடம் வீடு.

என் வகுப்பு மாணவரிடம் ஒருமுறை, தந்தை வழியிலும் தாய் வழியிலும் பூட்டனார் பூட்டியார் பெயர்களை எழுதி வரும்படி கூறினேன். பெரும்பாலோர் பாட்டனாரோடு நின்றுவிட்டனர். பாட்டியின் பெயர் கேட்டபோது, ‘பாட்டி என்றே கூப்பிட்டோம், ஐயா’ என்றான் ஒரு பையன். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. மறுவாரம் அவன் பெயரோடு வந்தான். அவனுடைய அத்தை ஒருத்தி லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தொலைபேசியிற் சொன்னாளாம். அப்பெயரை அவன் தன் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதியிருந்தான்.

நம் சமயம் இதற்கு ஒரு வழி வகுத்தே வைத்திருக்கிறது. ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கும்போது தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லக் கேட்கிறார் குருக்கள். பெயர் தெரியாவிடில் பொதுப்பெயர் சொல்லிக் கடமையை முடிக்கலாம், சாத்திரம் இரக்கமுடையது. 1948 ஆம் ஆண்டுச் சட்டமும் தலைமுறைகளையே கேட்டது; அதற்கு அந்த இரக்கம் இருக்கவில்லை. கிறிஸ்தவரும் இஸ்லாமியருமான மலையகக் குடும்பங்களுக்கும் தம் முன்னோரை நினைக்கும் நாள்கள் உண்டு. எந்நாளாயினும் சரியே.

ஆகவே இவ்வாரம் ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டிலுள்ள மூத்தவரை அருகிருத்தி, ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதுங்கள். முன்னோர் புறப்பட்ட ஊர் எது. வந்திறங்கிய முதல் தோட்டம் எது. அவரை அழைத்து வந்த கங்காணி யார். அத்தோட்டத்தை நம்மவர் தமிழில் எப்பெயரால் வழங்கினர். இறந்தோரை எங்கே அடக்கம் செய்தனர். பெண்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள். அவையே விரைவில் மறைகின்றன. மூத்தவருக்கு ஆண்டு நினைவில்லை எனின், புயலையும் வெள்ளத்தையும் வேலைநிறுத்தத்தையும் துரை மாறியதையும் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள்; கற்பனையால் நிரப்பாதீர்கள். பிரதி ஒன்று எடுத்து வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்திருப்பது நலம். மழைக்கும் மண்சரிவுக்கும் நாம் அஞ்சி வாழ்பவர்கள் அல்லவா?

மூத்தவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளே எழுதட்டும். கோப்பிக் காலத்தை நேரிற் கண்டவர் எவரும் இன்றில்லை. கண்டவர் சொல்லக் கேட்டவரின் பிள்ளைகள் சிலர் இன்னும் இருக்கின்றனர். அடுத்த ஆடி அமாவாசைக்கு முன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.